அப்பா அவரை எப்படிக் கூப்பிடுவார்?

என் தம்பி அற்புதராஜ் பெல்ஜியத்துக்குப் படிக்கப் போனபோது, என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அப்பாவுக்கு வாய் வலித்துப்போனது. டாக்டர் படிப்பு என்றால் ஊருக்குப் புரியும். சாமியார் படிப்பு என்றாலும் புரியும். இவன் போனது அரசியலையும் உலகச் சமயங்களையும் சேர்த்துப் படிக்கிற படிப்புக்கு. என் அத்தை கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

"அரசியலப் படிக்கோணும்னா கட்சில சேந்தாப் போச்சு. சாமியப் படிக்கோணும்னா மடத்துல சேந்தாப் போச்சு. ரெண்டையும் சேத்திப் படிக்க எதுக்குங்கண்ணா கப்பலேறோணும்?"

ராசிபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் என்னமோ தங்கள் ஊர் யோக்கியம் மாதிரி சிரிப்பார்கள். கோயில் சவரியார் கோயில். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் புனிதரின் பெயர்தான். அப்பா பெயர் சவரிராயன். எங்கள் பண்ணையாளின் பெயர் சவரியார். இருவருக்கும் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் ஞானஸ்நானம் நடந்தது. அப்பாவைவிடச் சவரியாருக்குப் பத்து வயது கூடுதல். நான் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். வாயால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் குழந்தைகள்கூட அவரைச் 'சவரி' என்றுதான் கூப்பிடும்.

கோயிலில் தூணுக்கு முன்னால் எங்கள் தெரு முழந்தாளிடும், தூணுக்குப் பின்னால் கீழ்த்தெரு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறந்ததுமில்லை. ஒரே ஒரு முறை கீழ்த்தெரு மிக்கேல் தூணைத் தாண்டி முன்னால் வந்து முழந்தாளிட்டான். அப்பா அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பூசை முடிந்ததும் வாசலில் நின்று, "வாங்க சாமி. பெரிய மனுசராயிட்டீங்க. ஊட்டுக்கு வந்து நாற்காலில உக்காருங்க சாமி" என்றார். அவ்வளவுதான். மிக்கேலுக்கு அதன் பிறகு எந்தத் தோட்டத்திலும் காட்டிலும் வேலை கிடைக்கவில்லை. பொங்கலுக்குள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனான். எங்கள் ஊரில் மரியாதை கீழேயிருந்து மேலே போனால்தான் மரியாதை. மேலேயிருந்து கீழே வந்தால் அது வசவைவிட மோசம்.

இதெல்லாம் என் தம்பிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஐயாயிரம் மைல் தள்ளி, குளிரில், தனியறையில் உட்கார்ந்து நினைத்தால் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். அவன் அங்கே ஒரு கட்டுரை எழுதினான். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து மக்கள் பெரியவரையும் சாமி என்பார்கள், பிள்ளையையும் சாமி என்பார்கள், கோயிலில் இருப்பதும் சாமி, பூசை வைப்பவரும் சாமி. ஆகவே இங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் கடவுளாகவே அழைக்கிறார்கள். குடியரசு வருவதற்கு முன்பே சமத்துவம் இவர்கள் நாக்கில் வந்துவிட்டது என்பது கட்டுரையின் சாரம். வெள்ளைக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அவனுடைய பேராசிரியர் லம்பேர் அதை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினாராம். ஒரு பிரதி எனக்கும் வந்தது. நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஓரளவு இங்கிலீஷ் தெரியும். படித்துவிட்டு, பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இனிப்பாக இருந்தது. என் ஊரைப் பற்றி அச்சில் வந்ததே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அறுபத்தொன்றாம் வருடம் சவரியார் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு அற்புதராஜ் பேராசிரியரையே அழைத்துக்கொண்டு வந்து இறங்கினான். சேலம் ஜங்ஷனிலிருந்து வாடகைக் கார், நாலு நாளைக்கும் சேர்த்து. உயரமான, மெலிந்த மனிதர், எதற்கெடுத்தாலும் கைகூப்புவார். தமிழில் அவருக்குச் சில சொற்கள்தான் தெரியும், அதில் முக்கியமானது சாமி. வந்த அன்றே தம்பி என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னான். அவரிடம் ஓர் உதவிப் பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது. கட்டுரையில் எழுதியதை நேரில் பார்த்து அவர் திருப்திப்பட்டால் இடம் இவனுக்கு. இல்லையென்றால் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி, ஏதாவது பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லித்தர வேண்டியதுதான்.

"அவர் இங்க நாலு நாளு இருப்பார்க்கா. எல்லாரும் எப்பவும் போல இருந்தாப் போதும்" என்றான்.

எப்பவும் போலத்தான் இருந்தோம். அத்தை அவரை, "வாங்க சாமி, கையக் கழுவுங்க" என்றாள். லம்பேர் முகம் மலர்ந்தது. என் மகள் ரீத்தாவுக்குச் சோறு ஊட்டும்போது, "ஆ காட்டு சாமி" என்றாள். அவர் சாப்பாட்டை விட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பங்குச் சாமியாரைப் பார்த்துத் தெருவே "தோத்திரம் சாமி" என்றது. மறுநாள் ஓட்டுக் கேட்டு ஒரு ஜீப் வந்தது. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வேட்பாளருக்கு அன்பு பொங்கிவிட்டது. கீழ்த்தெரு முனையில் இறங்கி, குளித்தவர் குளிக்காதவர் எல்லாரையும் கும்பிட்டு, "மறந்துபோடாதீங்க சாமி" என்றார். லம்பேருக்குக் கண் கலங்கியே விட்டது. அரசியலும் சமயமும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தம்பியின் தோளைத் தட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று அன்று மத்தியானம் அவன் முகத்திலேயே தெரிந்தது.

சாயங்காலம் சவரியார் வந்தார். கொல்லைப்புற வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றி, துண்டை அக்குளில் இடுக்கி, "சாமி" என்று குரல் கொடுத்தார்.

அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே, "என்னடா சவரி?" என்றார்.

"செவலைக்குத் தீவனம் எறங்குலீங்க சாமி. வைத்தியரக் கூட்டியாரட்டுங்களா?"

"காலையில பாக்கலாம், போடா."

"செரிங்க சாமி."

லம்பேர் அந்த 'சாமி'யையும் கேட்டார். மலர்ந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "அந்தப் பெரியவர் உன் அப்பாவைச் சாமி என்றார். நல்லது. உன் அப்பா அவரை எப்படிக் கூப்பிடுவார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

தம்பி கண் இமைக்காமல், "அதேபோலத்தான்" என்றான்.

"என் காதில் விழவில்லையே."

"இன்றைக்குச் சொல்லவில்லை. சொல்வார்."

"அதை மட்டும் கேட்டுவிட்டால் போதும். நீ எழுதியதில் அதுதான் உயிர்" என்றார் லம்பேர். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பாயசத்தில் முந்திரிக்குக் காத்திருக்கிற குழந்தை மாதிரி ஆசையாகத்தான் சொன்னார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில், மாட்டுக்கொட்டகையில் வைத்து, தம்பி அப்பாவிடம் கேட்டான். நான் சாணி வழித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு தடவைங்கப்பா. சவரியக் கூப்புட்டு, வாங்க சாமி, உக்காருங்கன்னு சொன்னாப் போதும்."

அப்பாவுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"சாமி, அது என்னால ஆவாது" என்றார். பெற்ற மகனை அவர் எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார். "என்ற நாக்குல அது வராது. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பாக்காது. நம்ம ஊட்டு வாசல்ல. என்ற பொழப்பு அதுல இருக்குதுங்கப்பா."

அப்பா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். என் அப்பா கொடுமைக்காரர் அல்ல. சவரியாரின் மனைவி சூசையம்மாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது வண்டி கட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஆனால் ஒரு சொல்லைக் கொடுப்பது அவருக்கு வண்டி கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் மகன் ஜெயித்தான். பிள்ளைப் பாசம் யாரை விட்டது?

"செரி. ஒரே தடவைதான்" என்றார்.

எனக்கு அப்போதே மிக்கேல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. சொல்லுகிறவர்களுக்கு மறந்துவிடும். கேட்டவர்களுக்குத்தான் மறக்காது.

திருநாள் பூசை முடிந்தது. சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். வாசல் பந்தலில் லம்பேர், தம்பி, அப்பா, நான். ஒரு நாற்காலியைத் தம்பியே தூக்கிவந்து நடுவில் போட்டு வைத்திருந்தான். வருஷா வருஷம் அப்பா கொடுக்கிற திருநாள் வேட்டியை வாங்கிக்கொள்ள சவரியார் வந்து பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கழுத்துக் கயிற்றில் புனிதரின் சிறு சுரூபம் தொங்க, நல்ல சந்தோஷமாக வந்திருந்தார்.

"சாமி" என்றார்.

அப்பா எழுந்தார். தொண்டையைச் செருமினார். "வாங்க" என்றார். பிறகு இன்னொரு முறை செருமி, "வாங்க... சாமி. இப்படி நாற்காலில உக்காருங்க" என்றார்.

சவரியார் திரும்பிப் பின்னால் பார்த்தார். பங்குச் சாமியார் தனக்குப் பின்னால் நிற்கிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். அங்கே யாரும் இல்லை. மறுபடி அப்பாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அந்த முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் வற்றிப்போனது. எனக்கு மிக்கேல் ஞாபகம் வந்தது அப்போதுதான். அதே வார்த்தைகள். நாற்காலி உட்பட.

"சாமி!" என்று சவரியார் அலறிக்கொண்டு அப்பாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "நான் என்னங் சாமி தப்புப் பண்ணுனேன்? யாராச்சும் கோள் சொன்னாங்களா? தூணத் தாண்டி ஒரு நாளும் வந்ததில்லீங்களே. வயசான காலத்துல என்னயத் தள்ளி வெச்சுப்போடாதீங்க சாமி!"

அப்பாவின் கை சவரியாரைத் தூக்கப் பாதி நீண்டு, தொடாமல் அப்படியே நின்றுவிட்டது.

லம்பேர் எழுந்துவிட்டார். "என்ன சொல்கிறார்? ஏன் அழுகிறார்?"

தம்பியின் உதடு வெளுத்திருந்தது. "திருநாள் அல்லவா? ஆசீர்வாதம் கேட்கிறார். சந்தோஷத்தில் அழுகிறார்" என்றான்.

லம்பேர் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? குனிந்து சவரியாரின் இரண்டு தோளையும் பிடித்து எழுப்பி, தனக்கு நன்றாகத் தெரிந்த தமிழைச் சொன்னார். "சாமி, சாமி." வெள்ளைக்கார துரையும் சேர்ந்துகொண்டார் என்றால் விஷயம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்! சவரியார் உதறிக்கொண்டு, வேட்டியை வாங்காமல், பின்புறமாகவே நடந்து பந்தலைத் தாண்டிப் போனார். லம்பேர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் சோறு தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அடுப்பில் சோறே இல்லை.

மறுநாள் விடிந்தும் மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன. கறக்க ஆள் வரவில்லை. அப்பா கீழ்த்தெருவுக்கு ஆள் அனுப்பினார். சவரியார் குடிசையில் படல் சாத்தியிருந்தது. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் இருட்டோடு கிளம்பிவிட்டார்களாம். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு உரிக்கிற வேலை கிடைக்கும் என்று சொன்னார்களாம்.

சேதி கேட்டதும் அப்பா கொட்டகைக்குள் போய் அவரே பால் கறக்க உட்கார்ந்தார். செவலை உதைத்துச் செம்பு உருண்டது. பால் சாணியில் ஓடியது. "போய்க் கூட்டியாங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

வாடகைக் கார் வாசலில் நின்றது. தம்பியும் நானும் ஏறினோம். எங்கேயோ ஊர் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து லம்பேரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? நாமகிரிப்பேட்டை தாண்டும்வரை மஞ்சள் காட்டையும் மரவள்ளியையும் காட்டி என்ன பயிர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தம்பி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான்.

மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சட்டி, ஒரு மூட்டை, மூட்டைமேல் துணியில் சுற்றிய மாதா படம். கார் நின்றதும் சவரியார் எழுந்தார். தம்பியைப் பார்த்ததும் சூசையம்மா புருஷனின் பின்னால் ஒதுங்கினாள்.

தம்பி இறங்கிப் போய்க் கைகூப்பினான். அந்த நிமிஷத்தில் அவன் நடிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மனசறிந்துதான் கும்பிட்டான். "தப்பு எங்க மேலதானுங்க. மன்னிச்சுக்குங்க. ஊட்டுக்கு வாங்க" என்றான்.

சவரியார் இரண்டடி பின்னால் போனார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. அப்பா கூட்டியாரச் சொன்னாருங்க. வந்து கார்ல உக்காருங்க."

ஒவ்வொரு 'ங்க'வுக்கும் அந்த மனிதர் ஒரு சாட்டையடி வாங்குவது போலக் குறுகினார். சூசையம்மா மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நாங்க எங்கயாச்சும் போய்ப் பொழச்சுக்கறோம் சாமி. அந்த மிக்கேலப் பண்ணுன மாதிரி எங்களப் பண்ணிப்போடாதீங்க. உட்டுருங்க சாமி" என்றாள்.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அத்தனை சமயங்களையும் அத்தனை நாட்டு அரசியலையும் படித்தவன், வழி தெரியாமல் நின்றான். எனக்கு வழி தெரிந்தது. ஆனால் சொல்ல வாய் கூசியது. அவனுக்கும் தெரிந்திருந்தது. காரைப் பார்த்தான். லம்பேர் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றிருந்தார்.

தம்பி கூப்பிய கையைக் கீழே போட்டான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். அப்படியே அப்பா முகம்.

"டேய் சவரி!" என்றான். "மாடு கத்துது, இங்க வந்து மரத்தடியில குந்தீட்டிருக்கறயா? பால உங்கப்பனாடா வந்து கறப்பான்? மூட்டையத் தூக்கீட்டு வாடா!"

சவரியாரின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. உதடு துடித்தது, கண்ணில் நீர் வழிந்தது, அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"இதா வாரேன் சாமி! இதா வந்துட்டேனுங் சாமி!" என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். "ஏ புள்ள, எந்திரி, எந்திரி. சாமி கோவிச்சுக்கல. நம்ம சாமி கோவிச்சுக்கல."

அறுபது வயதை எப்போதோ தாண்டியவரை இருபத்தாறு வயதுக்காரன் 'டா' போட்டதும் எனக்குள் ஒன்று இறங்கியது. நல்லவேளை, வந்துவிட்டார், இனி மாடு கத்தாது என்ற நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சவரியாருக்கு வந்த அதே நிம்மதி எனக்கும் வந்தது; அவருக்கு வேறு கதி இல்லை, எனக்கு என்ன கேடு?

லம்பேர் காரின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். தம்பி அருகில் வந்ததும், "டேய்" என்று மெதுவாக அந்தச் சொல்லை உச்சரித்துப் பார்த்தார். "நான் கேட்டேனே. உன் அப்பா அவரைக் கூப்பிடுவது இதுதானா?"

"இதுதான்" என்றான் தம்பி.

"நேற்று அவர் ஆசீர்வாதம் கேட்கவில்லை."

"இல்லை."

லம்பேர் அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டுரையைப் பற்றியும் பேசவில்லை, வேலையைப் பற்றியும் பேசவில்லை. முன் சீட்டில் ஏறிக் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின் சீட்டில் இடம் இருந்தது. சவரியாரும் சூசையம்மாவும் சீட்டில் உட்காரவில்லை. எங்கள் காலடியில், தகரத் தளத்தில், மூட்டையை மடியில் வைத்துக் குந்திக்கொண்டார்கள். கார் கிளம்பியது. சவரியாருக்கு வாய் ஓயவில்லை. செவலை தீவனம் தின்றதா என்றார். பெரிய சாமி நேற்று ஒருமாதிரியாகப் பேசியதும் தான் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டதாகச் சொல்லித் தானே சிரித்தார்.

"சின்னச் சாமியே வந்து 'டேய்'னு கூப்புட்டீங்க பாருங்க, அதுக்கப்பறந்தானுங் எனக்கு உசுரே வந்துச்சு" என்றார்.

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய பெல்ஜியம் பூட்சில் மரத்தடிப் புழுதி படிந்திருந்தது. சவரியார் அதைப் பார்த்தார். "அடடா" என்று, அக்குளிலிருந்த துண்டை எடுத்து, ஒரு கையால் பூட்சைப் பிடித்துக்கொண்டு, பதமாகத் துடைக்க ஆரம்பித்தார். தம்பி சட்டென்று காலை இழுத்தான். முன்னால் மூட்டை இருந்தது, பின்னால் சீட்டுப் பலகை இருந்தது. இழுத்துக்கொள்ள இடம் இல்லை.